கணினி கண் திறக்க வழி கண்டவர் கேரி கில்டால்

மேசைக் கணினியின் பொத்தானை அழுத்தினால் பெட்டிக்குள் விசிறி சுழல்கிறது. சிறு விளக்கும் எரிகிறது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. சில நேரம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி வந்து அப்படியே நின்றுவிடுகிறது. பள்ளி வேலையை முடிக்க உட்கார்ந்த பிள்ளைக்கும், கடைக் கணக்கைப் பார்க்க உட்கார்ந்த தகப்பனுக்கும் அந்த நேரத்தில் கையும் ஓடாது, காலும் ஓடாது.

பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனால், அவர் விசைப்பலகையில் ஏதோ ஒரு விசையைத் தட்டி, பயாஸ் என்ற பகுதிக்குள் நுழைந்து பார்ப்பார். கணினி விழித்ததும் முதலில் வேலை செய்வது அதுதான். பயாஸ் என்ற பெயரை வைத்தவரும், அதற்குப் பின்னால் இருக்கும் யோசனையைக் கண்டவரும் ஒரு வாத்தியார். அவர் பெயர் கேரி கில்டால்.

கணினித் துறையில் அவரை அறிந்தவர்கள் பலர். ஆனால், பில் கேட்சுக்குக் கிடைத்த அதிர்ஷ்டத்தைக் கோட்டை விட்டவர் என்றுதான் அவர்களில் பெரும்பாலோர் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் இழந்ததைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அவர் கொடுத்ததைப் பற்றி உலகம் பேசவில்லை.

மாலுமிகளுக்குப் பாடம் சொன்ன குடும்பம்

கேரி கில்டால் 1942ஆம் ஆண்டு மே 19ஆம் தேதி, அமெரிக்காவின் சியாட்டல் நகரில் பிறந்தார். கப்பலோட்டிகளுக்குக் கடல்வழிக் கணக்குகளைக் கற்றுத் தரும் பள்ளி ஒன்றை அவருடைய குடும்பம் அங்கே நடத்தி வந்தது. தாத்தா தொடங்கிய பள்ளி அது. பிறகு தந்தை அதைக் கவனித்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் கேரி கெட்டிக்கார மாணவர் என்று பெயர் எடுக்கவில்லை. பழைய கார்களைப் பிரித்து மாட்டுவதிலும் மின்கருவிகளை நோண்டுவதிலும்தான் அவருக்கு நாட்டம். படிப்பு முடிந்ததும் குடும்பப் பள்ளியிலேயே பாடம் நடத்தினார். கணித ஆசிரியராக வேண்டும் என்ற எண்ணத்தோடு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவரை, அங்கிருந்த கணினி இழுத்துக்கொண்டது.

அது வியட்நாம் போர்க்காலம். கட்டாய ராணுவச் சேவை அவரையும் விடவில்லை. கடற்படையில் சேர்ந்த அவருக்கு, போர்க்கப்பலில் போவதற்குப் பதிலாகக் கலிபோர்னியாவின் மாண்டெரே நகரில் உள்ள கடற்படை உயர்கல்விக் கழகத்தில் பாடம் நடத்தும் வாய்ப்புக் கிடைத்தது. அவர் யோசிக்கவே இல்லை. மனைவி டோரதியுடன் மாண்டெரே போய்ச் சேர்ந்தார். பக்கத்து ஊரான பசிபிக் குரோவ் அவர்களின் இருப்பிடம் ஆனது. 1972இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

25 டாலர் சில்லு

அந்தக் காலத்தில் கணினி என்றால் ஓர் அறையை அடைத்துக்கொள்ளும் இயந்திரம். பல்கலைக்கழகங்களிலும் பெரிய நிறுவனங்களிலும் மட்டுமே அதைப் பார்க்க முடியும். 1971இல் இன்டெல் நிறுவனம் 4004 என்ற சிறு சில்லை வெளியிட்டது. கணினியின் மூளைப் பகுதி முழுவதும் அந்த ஒரு சில்லுக்குள் அடங்கியிருந்தது. விலை 25 டாலர் என்ற விளம்பரத்தைப் பார்த்த கில்டால் சும்மா இருக்கவில்லை.

அதற்குக் காரணம் அவருடைய தந்தை. கைப்பிடியைச் சுற்றினால் கப்பலோட்டிகளுக்கு வேண்டிய கணக்கைப் போட்டுத் தரும் இயந்திரம் ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தந்தை சொல்வது வழக்கம். அதைச் செய்ய முடியுமா என்று பார்க்கத்தான் கில்டால் அந்தச் சில்லில் கை வைத்தார். அந்தக் கணக்குக்கு அதன் சக்தி போதவில்லை. ஆனால், அதற்கு எப்படி நிரல் எழுதுவது என்ற கலை அவருக்குக் கைவந்துவிட்டது.

வாரத்தில் ஒரு நாள் இன்டெல் நிறுவனத்துக்குப் போய் ஆலோசகராக வேலை பார்த்தார். சில்லுகளுக்கு நிரல் எழுதுவதை எளிதாக்க 1973இல் பிஎல்/எம் என்ற கணினி மொழியை உருவாக்கினார். வேலைக்கு ஈடாக இன்டெல் கொடுத்த சிறிய கணினியைத் தம் வகுப்பறையின் பின்பக்கத்தில் வைத்து, மாணவர்களையும் பழக விட்டார்.

நட்சத்திரக் குறி தோன்றிய நாள்

அந்தச் சிறிய கணினியிடம் ஒரு பெரிய குறை இருந்தது. மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் நிரலைக் காகித நாடாவில் துளையிட்டு, தட்டச்சு இயந்திரம் வழியாக உள்ளே ஓட்ட வேண்டும். ஒரு விநாடிக்குப் பத்து எழுத்துகள்தான் போகும். நிரலில் ஒரு தவறு என்றால், திருத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

ஷுகார்ட் நிறுவனம் அப்போது ஃப்ளாப்பி வட்டைப் படிக்கும் கருவிகளைச் செய்துகொண்டிருந்தது. சோதனைக்காக ஓட்டித் தேய்ந்த பழைய கருவி ஒன்றைக் கில்டால் அங்கிருந்து வாங்கி வந்தார். கருவி வந்ததே தவிர, அதைக் கணினியோடு இணைக்கும் மின்சுற்றைச் செய்ய அவரால் முடியவில்லை. நிரல் எழுதுவதில் புலி; மின்சுற்றில் திணறிப் போனார். கருவி வெகுநாள் சும்மா கிடந்தது.

கடைசியில் பல்கலைக்கழகக் கால நண்பரான ஜான் டொரோடியின் உதவியை நாடினார். டொரோடி மின்சுற்றைச் செய்தார். கணினிக்கும் வட்டுக்கும் நடுவே நின்று கோப்புகளைச் சேமிக்கவும் எடுக்கவும் உதவும் மென்பொருளைக் கில்டால் எழுதினார். அதுதான் சிபி/எம்.

1974இல் ஒரு நாள், இருவரும் பசிபிக் குரோவில் அந்த இணைப்பைச் சோதித்துப் பார்த்தார்கள். எளிதில் சரிவரவில்லை. தவறு மின்சுற்றிலா, நிரலிலா என்று மாற்றி மாற்றித் தேட வேண்டியிருந்தது. முடிவில் மென்பொருளைக் காகித நாடாவிலிருந்து வட்டுக்கு ஏற்றி, வட்டிலிருந்தே கணினியைக் கிளப்பினார்கள். நட்சத்திரக் குறி ஒன்று தோன்றியது. கணினி விழித்துவிட்டது, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டு நிற்கிறது என்று அதற்குப் பொருள். தம் வாழ்வில் மிகுந்த பரவசம் தந்த நாள்களில் ஒன்றாக அதைக் கில்டால் பிற்காலத்தில் எழுதிவைத்தார்.

இதை விலைக்கு வாங்கிக்கொள்கிறீர்களா என்று இன்டெல்லிடம் கேட்டார். அவர்கள் ஆர்வம் காட்டவில்லை.

அதே காலத்தில் ஒரு வேடிக்கையும் நடந்தது. காசு போட்டால் ஜாதகம் சொல்லும் இயந்திரம் ஒன்றுக்கு அவர் நிரல் எழுதினார். பிறந்த நாளைத் திருகிவைத்தால், பலன் காகிதத்தில் அச்சாகி வரும். இயந்திரம் வியாபாரத்தில் தோற்றுப்போனது. ஆனால், அதற்காக எழுதிய நிரல் பகுதிகள் சில பிறகு சிபி/எம் வேலைக்குக் கைகொடுத்தன.

பயாஸ் பிறந்த கதை

கில்டாலும் டோரதியும் வீட்டிலேயே நிறுவனம் தொடங்கினார்கள். டிஜிட்டல் ரிசர்ச் என்ற பெயரை வேறொருவர் வைத்திருந்ததால், முதலில் இன்டர்கேலக்டிக் டிஜிட்டல் ரிசர்ச் என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டினார்கள். பிறகு முன்பகுதியை விட்டுவிட்டார்கள். சிபி/எம் மென்பொருளை 70 டாலருக்கு அஞ்சல் வழி விற்றார்கள். வியாபாரத்தையும் கணக்கையும் டோரதி பார்த்துக்கொண்டார்.

விற்பனை கூடக்கூடத் தலைவலியும் கூடியது. ஒவ்வொரு நிறுவனத்தின் கணினியும் ஒவ்வொரு விதம். வட்டுக் கருவி வேறு, திரை வேறு, விசைப்பலகை வேறு. புதிய கணினி வரும்போதெல்லாம் சிபி/எம் முழுவதையும் திருத்தி எழுத வேண்டியிருந்தது. இம்சாய் என்ற கணினி நிறுவனத்தைச் சேர்ந்த கிளென் யூவிங், தங்கள் கணினிக்கும் சிபி/எம் வேண்டும் என்று வந்து நின்றபோது, கில்டாலுக்கு ஒரு யோசனை தோன்றியது.

கணினிக்குக் கணினி மாறுவது எது, மாறாதது எது என்று பிரித்தார். விசையைப் படி, திரையில் எழுது, வட்டின் இந்தப் பகுதியை எடு என்ற அடிப்படை வேலைகள் மட்டுமே பெட்டிக்குப் பெட்டி மாறின. கோப்புகளைக் காப்பதும், பயன்படுத்துபவர் சொல்வதைக் கேட்பதும் எங்கும் ஒன்றுதான். மாறும் பகுதியைத் தனியாக வெட்டி எடுத்து, அடிப்படை உள்ளீடு, வெளியீடு அமைப்பு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து, பயாஸ் என்று பெயர் வைத்தார்.

அதன் பிறகு புதிய கணினி செய்பவர் பயாஸ் பகுதியை மட்டும் தாமே எழுதிக்கொண்டால் போதும். எப்படி எழுதுவது என்று கையேட்டில் மாதிரியும் கொடுத்தார் கில்டால்.

இந்த ஒரு பிரிவினைதான் கணினியைச் சாதாரண மக்களின் வீட்டுக்குக் கொண்டுவந்தது என்றால் மிகையில்லை. ஒருவர் எழுதிய மென்பொருள், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த கணினிகளில் ஓடியது. வேர்ட்ஸ்டார் போன்ற புகழ்பெற்ற மென்பொருள்கள் சிபி/எம் தளத்தில்தான் வளர்ந்தன. ஒரே பெட்டிக்கு ஒரே மென்பொருள் என்ற நிலை மாறியது.

நிரலில் உள்ள தவறுகளைத் தேட அவர் சேர்த்துக் கொடுத்த கருவியின் பெயர் டிடிடி. பழைய பெரிய கணினிகளில் ஏற்கெனவே இருந்த பெயர்தான். நிரலில் உள்ள தவறை ஆங்கிலத்தில் பூச்சி என்பார்கள். மலேரியா காலத்தில் கொசுவுக்கு அடித்த டிடிடி மருந்தை நினைவில் வைத்திருக்கும் தோட்டத்துப் பெரியவர்களுக்கு, அந்தப் பெயரில் உள்ள குறும்பு உடனே விளங்கும்.

ஐபிஎம் வந்த நாள்

1980ஆம் ஆண்டு, உலகின் மாபெரும் கணினி நிறுவனமான ஐபிஎம், சிறிய கணினி ஒன்றை ரகசியமாகத் தயாரிக்கத் தொடங்கியது. அதற்கு இயங்குதளம் தேவைப்பட்டது. முதலில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தை அணுகியவர்களிடம், சிபி/எம் வேண்டுமென்றால் கில்டாலைப் பாருங்கள் என்று பில் கேட்ஸ் கைகாட்டினார்.

ஐபிஎம் அதிகாரிகள் பசிபிக் குரோவ் வந்த அன்று காலை, கில்டால் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலையாகத் தம் சிறு விமானத்தை ஓட்டிக்கொண்டு வாடிக்கையாளர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தார். பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துக் கேட்டது ஐபிஎம். எல்லாம் அவர்கள் பக்கமே சாய்ந்திருந்த அந்தத் தாளில் கையெழுத்திட, டோரதியும் நிறுவன வழக்கறிஞரும் தயங்கினார்கள்.

அன்று பிற்பகல் கில்டால் திரும்பி வந்து பேசினார் என்று ஒரு தரப்பும், அவரைப் பார்க்கவே இல்லை என்று ஐபிஎம் தரப்பில் ஒருவரும் சொன்னார்கள். எது எப்படியோ, பேரம் படியவில்லை. கில்டால் விமானத்தில் உல்லாசமாகச் சுற்றப் போனதால் கோடிகளை இழந்தார் என்ற கதை மட்டும் கை, கால் முளைத்துப் பரவியது. அவர் போனது வேலைக்கு. ஆனால், உண்மை செருப்பு மாட்டுவதற்குள் கதை ஊரைச் சுற்றி வந்துவிட்டது.

ஐபிஎம் மறுபடியும் மைக்ரோசாஃப்ட்டிடம் போனது. சியாட்டல் நிறுவனம் ஒன்றுக்காக டிம் பேட்டர்சன் எழுதியிருந்த இயங்குதளத்தை மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கி, மெருகேற்றி ஐபிஎம்முக்குக் கொடுத்தது. நிரல்கள் அதனோடு பேசும் முறை, சிபி/எம் கையேட்டைப் பார்த்து அமைக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி ஐபிஎம் கணினி அறிமுகமானது. ஒற்றுமையைக் கண்ட கில்டால் முறையிட, சிபி/எம் மென்பொருளையும் சேர்த்து விற்க ஐபிஎம் ஒப்புக்கொண்டது. கடையில் வைத்த விலைதான் கதையை முடித்தது. மைக்ரோசாஃப்ட் தந்தது 40 டாலர். சிபி/எம் 240 டாலர். யார் எதை வாங்கியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், அந்த ஐபிஎம் கணினியின் பலகையில் பொருத்திய ஒரு சில்லுக்குள் குடியேறியிருந்த மென்பொருளுக்குப் பெயர் பயாஸ். கில்டாலின் இயங்குதளம் தோற்றது. அவர் வைத்த பெயரும் அவர் போட்ட கோடும் கணினிக்குள் நிலைத்துவிட்டன.

அவர் போட்ட கோடு இன்றும் உதவுகிறது

கணினி கிளம்ப மறுக்கும்போது பழுது பார்ப்பவர்கள் தேடும் வழி, பெரும்பாலும் இந்தக் கோட்டை ஒட்டியதே. பிரச்சினை கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதுதான் முதல் கேள்வி.

பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியாமல், விசிறி சுழலாமல் இருந்தால், பயாஸ் வேலை செய்யவே மின்சாரம் வரவில்லை. சுவர் இணைப்பு, கம்பி, பவர் சப்ளை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

விசிறி சுழன்று திரை கறுப்பாகவே இருந்தால், முதலில் திரையின் கம்பியையும் திரைக்குத் தனியாக மின்சாரம் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அவை சரியென்றால், பயாஸ் தன் சோதனையைத் தாண்ட முடியாமல் நிற்கக்கூடும். சில கணினிகள் அப்போது விட்டு விட்டுப் பீப் ஒலி எழுப்பும். ரேம் நினைவகப் பலகை சரியாக உட்காராதது இதற்கு அடிக்கடி காரணமாகும். மின்கம்பியைக் கழற்றிவிட்டு, ரேம் பலகையை எடுத்து மீண்டும் அழுத்திப் பொருத்தினாலே பல கணினிகள் உயிர் பெறும்.

நிறுவனத்தின் சின்னம் தோன்றி, கிளம்புவதற்கான வட்டு இல்லை என்ற பொருளில் ஆங்கில வரி வந்தால், பயாஸ் தன் வேலையை முடித்துவிட்டது. ஆனால் கைமாற்றிக் கொடுக்க இயங்குதளம் கிடைக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் கம்பி தளர்ந்திருக்கலாம், ஹார்ட் டிஸ்க்கே பழுதாகியிருக்கலாம். யாரோ செருகி மறந்த யூஎஸ்பி கூடக் காரணமாக இருக்கலாம். ஃப்ளாப்பி காலத்தில் மறந்துபோய் உள்ளே விட்ட வட்டு செய்த அதே வேலையை இன்று அது செய்கிறது. ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் தவறாகக் காட்டினால், பலகையில் உள்ள நாணயம் போன்ற சிறிய பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

விண்டோஸ் சின்னம் வரை வந்து நின்றால், குறை பெரும்பாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம். அதாவது இயங்குதளத்தில் அல்லது அதைத் தாங்கும் ஹார்ட் டிஸ்க்கில்.

இப்போது வரும் கணினிகளில் பழைய பயாஸ் இடத்தை யூஇஎஃப்ஐ என்ற புதிய அமைப்பு பிடித்துக்கொண்டது. இருந்தாலும் பழுது பார்ப்பவர்கள் வாயில் இன்றும் வருவது பயாஸ்தான்.

கடைசி ஆண்டுகள்

ஐபிஎம் விவகாரத்தோடு கில்டால் முடங்கிவிடவில்லை. 1983 முதல் 1990 வரை, கணினியைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைச் சேர்ந்து நடத்தினார். சிடி வட்டில் கலைக்களஞ்சியத்தை ஏற்றும் முயற்சியில் இறங்கினார். அவருடைய நிறுவனம் ஒன்றின் உழைப்பில், குரோலியர் கலைக்களஞ்சியம் 1985இல் சிடியாக வந்தது. 1991இல் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனத்தை நோவெல் வாங்கியது. கையில் பணத்துக்குக் குறைவில்லை.

மனத்தில்தான் குறை இருந்தது. போகும் இடமெல்லாம், அன்று விமானத்தில் எங்கே போனீர்கள் என்ற கேள்வி துரத்தியது. 1992இல் அவர் படித்த வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கணினித் துறை 25ஆம் ஆண்டு விழா கொண்டாடியது. சிறப்புரைக்கு அழைக்கப்பட்டவர் பில் கேட்ஸ். அங்கேயே முனைவர் பட்டம் பெற்ற கில்டாலுக்கு வந்தது, வந்து கலந்துகொள்ளும்படி ஒரு சாதாரண அழைப்பு. அந்தக் காயம்தான் அவரைத் தம் வரலாற்றைத் தாமே எழுதத் தூண்டியது. எழுதியதை அவர் வாழ்நாளில் வெளியிடவில்லை.

டோரதியுடனான மணவாழ்க்கை முறிந்திருந்தது. குடிப்பழக்கமும் அவரைப் பிடித்துக்கொண்டது. 1994 ஜூலையில், மாண்டெரேயில் மதுக்கூடம் ஒன்றில் தலையில் அடிபட்ட அவர், மூன்று நாள் கழித்து, ஜூலை 11ஆம் தேதி இறந்தார். அப்போது அவருக்கு வயது 52. பிறந்த ஊரான சியாட்டலிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மரியாதை தாமதமாகவே வந்தது. 2014ஆம் ஆண்டு ஏப்ரலில், பசிபிக் குரோவ், லைட்ஹவுஸ் அவென்யூவில் அவருடைய நிறுவனம் முன்பு இயங்கிய 801ஆம் எண் கட்டடத்துக்கு வெளியே, மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐஇஇஇ நினைவுப் பலகை ஒன்றைப் பதித்தது. அவர் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளின் முதல் பகுதியைக் கலிபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2016இல் எல்லாரும் படிக்க வெளியிட்டது.

பலகையில் ஐபிஎம் கதை இல்லை, விமானக் கதையும் இல்லை. 1974இல் இந்த ஊரில் கில்டால், சிபி/எம் முதன்முதலாக வேலை செய்வதைக் காட்டினார் என்ற செய்திதான் இருக்கிறது. வெகுநாள் சும்மா கிடந்த ஒரு பழைய கருவியை வைத்துக்கொண்டு, தவறு எங்கே என்று ஒரு நண்பரோடு தேடித் தேடி, கடைசியில் திரும்பக் கிளம்ப வைத்த வாத்தியாரின் நாள் அது.